கணினிக் கேள்வி–பதில்: பழைய கோப்பு, புதிய வடிவம்

பழைய சொற்செயலிக் கோப்புகளைப் புதிய வடிவத்துக்கு மாற்றுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஒன்றையொன்று தொட்டு நிற்பவற்றை இந்த இதழில் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஊரும் தொழிலும் வேறானாலும், பெரும்பாலான கடிதங்களின் அடியில் இருப்பது ஒரே குழப்பம்தான். கோப்பின் வடிவம் வேறு; அந்தக் கோப்புக்குள் எழுத்துகள் எந்த எண்களாகச் சேமிக்கப்பட்டிருக்கின்றன என்பது வேறு.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். 1999 முதல் 2005 வரை எழுதிய கட்டுரைகளை வேர்டில் தட்டச்சு செய்து 'டாக்' கோப்புகளாக வைத்திருக்கிறேன். மகன் வாங்கிக் கொடுத்த புதிய மடிக்கணினியில் அவற்றைத் திறந்தால் மேலே 'கம்பாட்டிபிலிட்டி மோட்' என்று காட்டுகிறது. உள்ளே தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் கலந்து கிடக்கின்றன. 'கன்வர்ட்' என்பதை அழுத்திப் புதிய வடிவத்துக்கு மாற்றிய பிறகும் அப்படியே இருக்கிறது. கோப்புகள் கெட்டுவிட்டனவா ஐயா?
– வாசகர், காரைக்குடி

பதில்: கெடவில்லை. இரண்டு வெவ்வேறு சிக்கல்கள் ஒரே கோப்பில் சேர்ந்திருப்பதால் அப்படித் தோன்றுகிறது.

முதலாவது கோப்பின் வடிவம். வேர்ட் 97 முதல் வேர்ட் 2003 வரையிலான பதிப்புகள் 'டாக்' என்னும் வடிவத்தில் சேமித்தன. வேர்ட் 2007 முதல் 'டாக்எக்ஸ்' இயல்பான வடிவமாயிற்று. இந்தப் புதிய வடிவம் எக்மா 376 என்ற தரமாக 2006இலும், ஐ.எஸ்.ஓ. 29500 என்ற பன்னாட்டுத் தரமாக 2008இலும் வெளியிடப்பட்டது. நீங்கள் பார்க்கும் 'கம்பாட்டிபிலிட்டி மோட்' என்பது, கோப்பு பழைய வடிவத்தில் இருப்பதால் புதிய பதிப்பின் சில வசதிகள் அதில் செயல்படாது என்று தெரிவிக்கிறதே தவிர, பழுது எதையும் சுட்டவில்லை. 'கன்வர்ட்' செய்து சேமித்தால் பழைய கோப்பின் இடத்தில் புதியது அமர்ந்துவிடும். ஆகவே அதை விடுத்து, 'சேவ் ஆஸ்' மூலம் வேறொரு கோப்புறையில் டாக்எக்ஸாகச் சேமித்துக்கொண்டு, மூலக் கோப்பைத் தொடாமல் வைத்திருப்பதே நல்லது. சேமிக்கும்போது பழைய பதிப்புகளுக்கான ஒத்திசைவைத் தொடர வேண்டுமா என்று கேட்கும் பெட்டியில் குறி இருந்தால் எடுத்துவிடுங்கள்.

இரண்டாவதுதான் உங்களுடைய உண்மையான சிக்கல். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் தரும் பொது ஒழுங்குதான் யூனிகோடு. 1991இல் வெளியான அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் விண்டோஸ் யூனிகோடு தமிழைக் காட்டத் தொடங்கியது 'லதா' எழுத்துருவோடு வந்த விண்டோஸ் 2000இல்தான். அதுவரையிலும், பழக்கத்தின் காரணமாக அதற்குப் பிறகு பல ஆண்டுகளும், ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின் மீது தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துருக்களைக் கொண்டே நாம் தட்டச்சு செய்தோம். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று தட்டினால் கோப்பில் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு சிறிய ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் மட்டுமே. பாமினி இருக்கும் கணினியில் அது தமிழாகத் தெரியும். இல்லாத கணினியில் உள்ளது உள்ளபடி தெரியும். டாக் கோப்பை டாக்எக்ஸாக மாற்றும்போது இந்த ஐந்து குறிகளும் ஒன்றுகூட மாறாமல் புதிய கோப்புக்குப் போய்ச் சேருகின்றன. உறையை மாற்றியிருக்கிறீர்கள்; உள்ளே இருக்கும் கடிதம் அப்படியே இருக்கிறது.

அந்தக் காலத்தில் எல்லோரும் ஒரே ஒழுங்கைப் பின்பற்றியிருந்தால் இன்று வேலை எளிதாக இருந்திருக்கும். இணையத்தில் கூடிய தமிழ் ஆர்வலர்கள், எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று வகுக்கும் டிஸ்கி என்ற குறியாக்கத்தை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற இரண்டு குறியாக்கங்களை ஏற்றது. அரசு அலுவலகங்களில் வானவில்லும், அச்சகங்களில் ஸ்ரீலிபியும், இலங்கையில் பாமினியும் ஆகிய எழுத்துருக்கள் தம்தம் போக்கில் வேரூன்றின. ஒவ்வொன்றும் வெவ்வேறு எண்ணில் வெவ்வேறு எழுத்தை வைத்திருப்பதால், உங்கள் கோப்பு எந்த எழுத்துருவில் அடிக்கப்பட்டது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அது கடினமன்று. குழம்பிக் கிடக்கும் பத்தியின் நடுவே சுட்டியை வைத்துச் சொடுக்கினால், அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லாவிட்டாலும் மேலே உள்ள எழுத்துருப் பெட்டியில் அதன் பெயர் தெரியும். வேர்டின் 'ஆப்ஷன்ஸ்' பகுதியில், 'அட்வான்ஸ்டு' என்பதன்கீழ் உள்ள 'ஃபான்ட் சப்ஸ்டிட்யூஷன்' பட்டியலும் கணினியில் இல்லாத எழுத்துருக்களைப் பெயரோடு காட்டும். பெயர் டி.எஸ்.சி. என்ற எழுத்துகளில் தொடங்கினால் பெரும்பாலும் டிஸ்கி, டி.ஏ.பி. என்று தொடங்கினால் டாப், டி.ஏ.எம். என்று தொடங்கினால் டாம்.

அந்த எழுத்துருவைத் தேடி நிறுவினால் கட்டுரைகள் உடனே தமிழாகத் தெரியும். பலர் அந்த மகிழ்ச்சியிலேயே நின்றுவிடுகிறார்கள். நிற்க வேண்டாம். யூனிகோடு விசைப்பலகையில் 'தமிழ்' என்று தட்டி அந்தக் கோப்பில் தேடிப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால், கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கோப்பில் இருப்பது தமிழன்று. மின்னஞ்சலில் அனுப்பினாலோ வலைப்பக்கத்தில் ஒட்டினாலோ மீண்டும் பழைய குழப்பமே மிஞ்சும்.

யூனிகோடுக்கு மாற்ற, சென்னை நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்.எச்.எம். கன்வர்ட்டர், சுரதாவின் 'பொங்குதமிழ்' போன்ற இலவசக் கருவிகள் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன. மூல எழுத்துருவின் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்து, உரையை ஒட்டி, மாற்றி எடுத்துக்கொள்ளலாம். இப்படி ஒட்டி எடுக்கும்போது தடித்த எழுத்து, அட்டவணை, அடிக்குறிப்பு முதலியவை உதிர்ந்துபோகும். கட்டுரை என்றால் அவற்றைக் கையால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

மாற்றியபின் மெய்ப்புப் பார்ப்பதில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் கண்ணை ஊன்றுங்கள். பழைய எழுத்துருக்கள் பலவற்றில் ஔகார உயிர்மெய்யின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் ஒரே விசைதான். எனவே 'கௌரவம்' என்பதில் இருப்பது ஔகாரமா, எகரத்தை அடுத்து வந்த ளகரமா என்று கருவிக்குத் தெரியாது. ஒரு கருவி 'கெளரவம்', 'ஒளவையார்' என்று ளகரத்தை வைத்துவிடும். இன்னொரு கருவி எதிர்ப்பக்கம் சாய்ந்து 'வெளியீடு' என்பதை 'வௌியீடு' என்று ஆக்கிவிடும். இணையத்தில் உலவும் எத்தனையோ பழைய கட்டுரைகளில் இந்த 'வௌியீடு' இன்றும் உட்கார்ந்திருக்கிறது. திரையில் வேறுபாடு சட்டென்று தெரியாது. தேடலில் மட்டும் அந்தச் சொல் சிக்காது. வௌ, தௌ, கௌ, ஒள ஆகிய நான்கையும் தேடிப் பார்த்தால் பெரும்பகுதி வெளிப்பட்டுவிடும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். திருத்தங்களை யூனிகோடுக்கு மாற்றியபின் செய்யுங்கள். பழைய எழுத்துருவில் இருக்கும்போது செய்ய வேண்டாம். வேர்டின் தானியங்கித் திருத்தம், வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக மாற்றிவிடும் இயல்புடையது. பாமினியில் சிறிய கே மகரம், பெரிய கே 'மு'. 'மலர்' என்று நீங்கள் தட்டுவதை 'முலர்' என்று ஆக்கிவிட்டு அது தன் வேலையைப் பார்க்கப் போய்விடும்.

கேள்வி: எங்கள் ஆலயக் கும்பாபிஷேக மலர் பாமினி எழுத்துருவில் வேர்டில் தயாரிக்கப்பட்டது. இடையிடையே ஆங்கிலக் கட்டுரைகளும், தமிழ்க் கட்டுரைகளுக்குள் ஆங்கிலப் பெயர்களும் முகவரிகளும் உள்ளன. கணனியில் முழுவதையும் மாற்றியில் இட்டு மாற்றினால் தமிழ் சரியாக வருகிறது. ஆங்கிலப் பகுதிகளெல்லாம் பொருளற்ற தமிழாகி விடுகின்றன. என்ன செய்யலாம்?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: கருவி தவறு செய்யவில்லை; அதனிடம் போதிய தகவல் இல்லை. பாமினித் தமிழும் ஆங்கிலமும் ஒரே எண்களையே பயன்படுத்துகின்றன. எது தமிழ், எது ஆங்கிலம் என்று காட்டுவது அந்தப் பகுதிக்கு இடப்பட்ட எழுத்துருவின் பெயர் மட்டுமே. உரையை வெட்டி மாற்றியின் பெட்டியில் ஒட்டியவுடன் அந்தப் பெயர் தொலைந்துபோகிறது.

மலர் சிறியது என்றால் பத்தி பத்தியாக, ஆங்கிலத்தை விலக்கி மாற்றிக்கொள்வதே விரைவான வழி. நூற்றுக்கணக்கான பக்கங்கள் என்றால் எழுத்துருவின் பெயரைப் பார்த்து வேலை செய்யும் ஒரு நிரல் வேண்டும். இதற்கு டாக்எக்ஸ் வடிவம் உதவியாக இருக்கிறது. அது உண்மையில் ஒரு ஸிப் பொதி. அதன் நகலைப் பிரித்துப் பார்த்தால், உரையை அடையாளக் குறிகளோடு எழுதி வைக்கும் எக்ஸ்.எம்.எல். கோப்புகள் சில உள்ளே இருக்கும். முதன்மைக் கோப்பில் உரை சிறு சிறு துண்டுகளாகவும், துண்டுக்குரிய எழுத்துருவின் பெயர் அதன் தலையிலும் எழுதப்பட்டிருக்கும். பாமினி என்று பெயர் உள்ள துண்டுகளை மட்டும் எடுத்து மாற்றி, பெயரையும் ஒரு யூனிகோடு எழுத்துருவுக்கு மாற்றிவிட்டு, மற்றவற்றைத் தொடாமல் விட்டால் ஆங்கிலம் தப்பிவிடும். அட்டவணைகளும் படங்களும் அடிக்குறிப்புகளும் தத்தம் இடத்திலேயே இருக்கும். பைத்தான் மொழிக்கான 'ஓப்பன் தமிழ்' நிரலகத்தில் பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் வசதி ஆயத்தமாகவே உள்ளது. நிரல் எழுதத் தெரிந்த மாணவர் ஒருவர் உங்கள் ஊரில் கட்டாயம் இருப்பார்.

அவரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டியவை சில உண்டு. எழுத்துருவின் பெயர் எப்போதும் துண்டிலேயே இருக்காது. பத்தியின் பாணியில் அமைக்கப்பட்டிருந்தால் அது வேறொரு கோப்பில் இருக்கும், அங்கே போய்ப் பார்க்க வேண்டும். தலைப்புப் பட்டையும் அடிக்குறிப்பும் தனித்தனிக் கோப்புகளில் உள்ளன. முதன்மைக் கோப்பை மட்டும் மாற்றினால் அவை விடுபட்டுப்போகும். எல்லாவற்றிலும் தொல்லையானது, வேர்ட் ஒரே சொல்லை இரண்டு மூன்று துண்டுகளாக வெட்டி வைத்திருப்பது. இடையில் யாரோ ஓர் எழுத்தைத் திருத்தியிருந்தாலே போதும், அந்த இடத்தில் வெட்டு விழுந்துவிடும். பாமினியில் கொம்பு முதலில் வந்து மெய் பின்னால் வரும். யூனிகோடில் மெய் முதலில், கொம்பு பின்னால். கொம்பு ஒரு துண்டிலும் அதற்குரிய மெய் அடுத்த துண்டிலும் விழுந்திருந்தால், துண்டு துண்டாக மாற்றும் நிரல் கொம்பை அதற்கு முன்னால் உள்ள எழுத்தில் ஒட்டிவிடும். அடுத்தடுத்து ஒரே எழுத்துருவில் உள்ள துண்டுகளை இணைத்துவிட்டு மாற்றுவதே இதற்கு வழி. தடித்த எழுத்து, அளவு ஆகியவற்றையும் கவனிக்கச் சொல்லுங்கள். வேர்ட் தமிழைச் சிக்கலான வரிவடிவம் என்ற வகையில் சேர்த்திருப்பதால், ஆங்கில எழுத்துக்கு இடப்பட்ட அளவும் தடிப்பும் மாற்றப்பட்ட தமிழுக்குத் தாமாகச் செல்லா. அதற்குரிய தனிக் குறிப்புகளை நிரல் எழுதியாக வேண்டும்.

கேள்வி: கோப்பின் பெயரில் டாக் என்று இருப்பதை டாக்எக்ஸ் என்று திருத்தினால் போதாதா?
– வாசகர், விருதுநகர்

பதில்: போதாது, வேர்ட் அதைத் திறக்கவே மறுக்கும். பெயரை மீண்டும் பழையபடி ஆக்கினால் திறக்கும்.

கேள்வி: என் தந்தையார் 1980களின் இறுதியில் ஒரு கணினி மையத்தில் அமர்ந்து ஆங்கிலத்தில் எழுதிய உள்ளூர் வரலாற்றுக் குறிப்புகள் பெரிய நெகிழ்வட்டுகளில் இருந்தன. தெரிந்தவர் ஒருவர் அவற்றை எப்படியோ பென்டிரைவுக்கு மாற்றிக் கொடுத்தார். கோப்புகளின் பெயருக்குப் பின்னால் எந்த வகைக் குறியும் இல்லை. நோட்பேடில் திறந்தால் பெரும்பாலான சொற்கள் ஓரளவு படிக்க முடிகின்றன. ஆனால் ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தும் விசித்திரமாக இருக்கிறது.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: கடைசி எழுத்து மட்டும் மாறியிருக்கிறது என்று நீங்கள் எழுதியதே விடையைச் சொல்லிவிட்டது. இவை வேர்ட்ஸ்டார் கோப்புகள். மைக்ரோபுரோ நிறுவனம் 1978இல் வெளியிட்ட அந்தச் சொற்செயலி, லோட்டஸ், டிபேஸ் ஆகியவற்றோடு சேர்த்து நம் ஊர்க் கணினி மையங்களில் 1990களிலும் பாடமாகவே இருந்தது. கணினி ஓர் எழுத்தை எட்டு பிட்டுகள், அதாவது சுழியம் அல்லது ஒன்று என்ற எட்டு இலக்கங்கள், கொண்ட ஒரு பைட்டில் வைக்கிறது. ஆங்கில எழுத்துக்கு ஏழு பிட்டுகள் போதும். எட்டாவது பிட் வெறுமனே கிடக்கும். வேர்ட்ஸ்டார் அதை வீணாக்காமல், வரியை ஒழுங்குபடுத்தும் தன் கணக்குக்காகச் சொல்லின் கடைசி எழுத்தில் அந்தப் பிட்டை ஏற்றி வைத்தது. அப்படி ஏற்றினால் எழுத்தின் எண்ணோடு 128 கூடும். ஆங்கிலச் சிறிய எழுத்தான 'இ' 101 என்ற எண்ணுக்குரியது. சொல்லின் இறுதியில் அது 229 ஆகிவிடும். நோட்பேடு அதைத் தலையில் வளையம் வைத்த ஓர் ஐரோப்பிய எழுத்தாகக் காட்டுகிறது.

ஆகவே 128ஐயும் அதற்கு மேற்பட்ட எண்களையும் கண்ட இடத்தில் 128ஐக் கழித்துவிட்டால் உரை தெளிந்துவிடும். சில வரிகளில் எழுதக்கூடிய நிரல்தான். ஆனால் வரிசை முக்கியம். வேர்ட்ஸ்டார் தானாக மடித்த வரியின் இறுதியில் 141, 10 என்ற இரண்டு எண்களை இடும். தட்டச்சு செய்பவர் பத்தியை முடித்து எண்டர் விசையை அழுத்திய இடத்தில் 13, 10 என்று இடும். முதலிலேயே கழித்துவிட்டால் 141உம் 13ஆகிவிடும். எது பத்தியின் முடிவு, எது வெறும் மடிப்பு என்ற வேறுபாடு என்றென்றைக்குமாக மறைந்து, வரிக்கு வரி துண்டான உரைதான் கையில் இருக்கும். எனவே 141, 10 வரும் இடங்களை முதலில் ஓர் இடைவெளியாக மாற்றிக்கொண்டு, பிறகு கழிக்க வேண்டும். ஓரங்களைச் சமப்படுத்துவதற்காகச் செருகிய கூடுதல் இடைவெளிகள் 160 என்ற எண்ணில் இருக்கும். கழித்தபின் அவை சாதாரண இடைவெளிகளாகி இரண்டு மூன்றாகக் குவிந்து நிற்கும், அவற்றை ஒன்றாக்கிக்கொள்ளலாம். வரியின் தொடக்கத்தில் புள்ளி வைத்து இரண்டு எழுத்துகள் இருந்தால் அது உங்கள் தந்தையார் எழுதியதன்று. பக்க அமைப்புக்கான ஆணை. புள்ளியும் பி.ஏ.வும் என்றால் புதிய பக்கம். அவற்றை அழிக்குமுன் எங்கே பக்கம் மாறியது என்று குறித்துக்கொள்வது, வரலாற்றுக் குறிப்புகளுக்குப் பயன்படலாம். கோப்பின் இறுதியில் 26 என்ற எண் திரும்பத் திரும்ப நிரம்பியிருக்கும். அது வெறும் நிரப்பி, வெட்டிவிடலாம். தடித்த எழுத்துக்கும் அடிக்கோட்டுக்கும் உரைக்கு நடுவே 2, 19 போன்ற சிறிய எண்கள் இணையிணையாக நிற்கும். அவற்றை மதித்து வேர்டில் தடிப்பாகவும் அடிக்கோடாகவும் மாற்றுவதும், விட்டுவிடுவதும் உங்கள் பொறுமையைப் பொறுத்தது.

நிரல் வேண்டாம், அந்தக் காலத்தில் தெரிந்தபடியே பார்க்க வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. கனடாவின் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ராபர்ட் ஜே. சாயர் இன்றும் வேர்ட்ஸ்டாரிலேயே எழுதுபவர். அவர் 2024இல் வேர்ட்ஸ்டார் 7 பதிப்பையும் அதன் கையேடுகளையும், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்தின் சூழலை இன்றைய கணினியில் உருவாக்கும் மென்பொருளையும் ஒரே தொகுப்பாகத் தம் தளத்தில் வெளியிட்டார். அதில் திறந்து படிக்கலாம்.

நெகிழ்வட்டுகளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஐந்தே கால் அங்குல வட்டு என்றால், கடைகளில் கிடைக்கும் யு.எஸ்.பி. நெகிழ்வட்டு இயக்கிகள் பயன்படா. அவை மூன்றரை அங்குலத்துக்கு மட்டுமே. மீண்டும் படிக்க நேர்ந்தால், வட்டின் பக்கவாட்டில் உள்ள வெட்டை ஒட்டுத்தாளால் மூடிவிட்டுக் கொடுங்கள். மூடினால் அதில் எதுவும் எழுத முடியாது. மூன்றரை அங்குல வட்டில் இது தலைகீழ்: துளை திறந்திருந்தால்தான் பாதுகாப்பு.

கேள்வி: கணித ஆசிரியராக இருக்கிறேன். 2003 வாக்கில் தயாரித்த வினாத்தாள்களில் சமன்பாடுகள் தெரிகின்றன; திருத்த முயன்றால் அதற்கான மென்பொருள் இல்லை என்று செய்தி வருகிறது.
– வாசகர், ஈரோடு

பதில்: அவை 'ஈக்குவேஷன் எடிட்டர் 3.0' என்ற பழைய கருவியால் செய்யப்பட்டவை. பாதுகாப்புக் குறைபாடு கண்டறியப்பட்டதால் 2018 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அதை நீக்கிவிட்டது. அண்மைய வேர்டில் அந்தச் சமன்பாட்டை இருமுறை சொடுக்கினால் புதிய வடிவத்துக்கு மாற்றலாமா என்று கேட்கும். ஆவணம் முழுவதற்கும் சேர்த்தே ஒப்புதல் தரலாம். வேர்டைப் போன்ற இலவச மென்பொருளான லிப்ரேஆபீஸில் என்றால் 'ஆப்ஷன்ஸ்', 'லோட்/சேவ்', 'மைக்ரோசாஃப்ட் ஆபீஸ்' என்று சென்று, 'மேத்டைப்' என்று தொடங்கும் வரியில் குறியிட்டபின் கோப்பைத் திறக்க வேண்டும். சில குறிகள் மட்டும் கட்டங்களாகத் தெரிந்தால் 'எம்.டி. எக்ஸ்ட்ரா' எழுத்துரு கணினியில் இல்லை என்று பொருள். வினாத்தாளில் அடுக்குக் குறியையும் கழித்தல் குறியையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் அச்சகத்தில் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பேஜ்மேக்கரில் ஸ்ரீலிபி எழுத்துருவோடு செய்த புத்தகங்கள் இருக்கின்றன. ஓர் ஆசிரியர் தம் நூலின் மறுபதிப்புக்கு வேர்ட் கோப்பு கேட்கிறார். பழைய கணினி இன்னும் ஓடுகிறது.
– வாசகர், சிவகாசி

பதில்: பழைய கணினி ஓடுகிறது என்பது பெரிய நற்பேறு, அது ஓடும்போதே வேலையை முடித்துக்கொள்ளுங்கள். பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரை, 2001இல் வெளியிட்ட 7.0 வரிசையோடு அடோபி நிறுவனம் நிறுத்திவிட்டது. அதன் கோப்புகளை அடோபியின் மற்றொரு பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் சி.எஸ். 6 பதிப்பு வரைதான் திறக்க முடிந்தது, அதற்குப் பின்வந்த பதிப்புகளில் அந்த வசதி இல்லை. எனவே அந்தப் பழைய கணினியிலேயே இரண்டு வேலைகளைச் செய்துவிடுங்கள். முதலில் ஒவ்வொரு புத்தகத்தையும் எழுத்துருக்களை உள்ளடக்கிய பி.டி.எஃப். ஆக எடுத்து வையுங்கள். பிற்பாடு மெய்ப்புப் பார்க்க அதுதான் சாட்சி. பிறகு இயல் இயலாக உரையைச் சொடுக்கி 'எக்ஸ்போர்ட்' மூலம் ஆர்.டி.எஃப். கோப்பாக வெளியே எடுங்கள். தொடராக இணைக்கப்படாத உரைப்பெட்டிகள் தனித்தனியாகத்தான் வரும். படங்களுக்குக் கீழே உள்ள குறிப்புகளும் பெட்டிச் செய்திகளும் விடுபடுவது இந்த இடத்தில்தான். ஆர்.டி.எஃப்.இல் எழுத்துருவின் பெயர் தங்கிவிடுவதால், யாழ்ப்பாண வாசகருக்குச் சொன்ன முறையிலேயே யூனிகோடுக்குக் கொண்டுபோகலாம். மாற்றியில் ஸ்ரீலிபி என்று தேர்ந்தெடுத்தும் சில எழுத்துகள் பிறழ்ந்தால், ஸ்ரீலிபியிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட விசையமைப்பும் எழுத்துரு வரிசையும் உண்டு என்பதை நினைவில் வைத்து அடுத்த தேர்வை முயலுங்கள்.

பி.டி.எஃப். இருக்கிறதே, அதிலிருந்தே வேர்டுக்கு மாற்றிவிடலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதிலும் எழுத்துகள் ஸ்ரீலிபியின் எண்களிலேயே இருக்கின்றன. போதாக்குறைக்கு வரிகளும் துண்டாகிவிடும். பழைய கணினி நின்றுபோனவர்களுக்கு லிப்ரேஆபீஸின் 'டிரா' செயலி ஓரளவு கைகொடுக்கும். 2015இல் வந்த 4.4 பதிப்பு முதல் அது பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கிறது. பக்க அமைப்பு அப்படியே வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். உரையை மீட்க உதவும்.

கேள்வி: எங்கள் கூட்டுறவுச் சங்கத்தில் 1996 முதல் சேர்ந்த கடிதங்களும் தீர்மானங்களும் ஆயிரக்கணக்கான வேர்ட் கோப்புகளாக உள்ளன. பெரும்பாலானவை ஆங்கிலம். ஒவ்வொன்றாகத் திறந்து மாற்ற ஆள் இல்லை. மொத்தமாக மாற்ற முடியுமா? எந்த வடிவம் நிலைக்கும்? சில கோப்புகளை வேர்ட் திறக்கவே மறுக்கிறது.
– சங்கச் செயலாளர், கோயம்புத்தூர்

பதில்: திறக்க மறுப்பவை பெரும்பாலும் வேர்ட் 6 அல்லது வேர்ட் 95 காலத்தவை. மிகப் பழைய வடிவங்களைப் பாதுகாப்புக் கருதி வேர்டே தடுத்து வைத்திருக்கிறது; 'ட்ரஸ்ட் சென்டர்' பகுதியில் 'ஃபைல் பிளாக் செட்டிங்ஸ்' என்பதற்குள் அந்தத் தடையைத் தளர்த்தலாம். அலுவலகக் கணினியில் தடையைத் தளர்த்தி வைப்பதைவிட, அவற்றை இலவசமாகக் கிடைக்கும் லிப்ரேஆபீஸில் திறந்து மாற்றிக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன்.

மொத்தமாக மாற்றவும் அதுவே உதவும். அதன் 'ஃபைல்' பட்டியில் 'விஸார்ட்ஸ்' என்பதன்கீழ் 'டாக்குமெண்ட் கன்வர்ட்டர்' இருக்கிறது. மூலக் கோப்புறையையும் சேர வேண்டிய கோப்புறையையும் காட்டினால், உட்கோப்புறைகளையும் சேர்த்து, எல்லாவற்றையும் ஓ.டி.டி. வடிவத்துக்கு மாற்றி வைக்கும். இது ஓப்பன் டாக்குமெண்ட் தரத்தைச் சேர்ந்தது. 2006 முதல் ஐ.எஸ்.ஓ. 26300 என்ற பன்னாட்டுத் தரம். டாக்எக்ஸ்தான் வேண்டும் என்றால் லிப்ரேஆபீஸைத் திரையில் திறக்காமல் கட்டளை வரி மூலம் இயக்கி, ஒரு கோப்புறை முழுவதையும் மாற்றலாம். உங்கள் கணினிப் பராமரிப்பாளருக்கு அது தெரிந்திருக்கும்.

எது நிலைக்கும் என்று கேட்டால், இரண்டின் இலக்கணமும் வெளியிடப்பட்டிருப்பதால் இரண்டுமே நிலைக்கும். நாளை யாராவது திருத்தக்கூடியவற்றை, உங்கள் அலுவலகத்தில் புழங்கும் மென்பொருள் எதுவோ அதன் வடிவத்தில் வையுங்கள். கையொப்பமாகி முடிந்துபோன தீர்மானங்களைத் திருத்தவே கூடாது. அவற்றுக்குக் காப்பகங்களுக்கென 2005இல் வகுக்கப்பட்ட பி.டி.எஃப்./ஏ வடிவம் பொருந்தும். அது தேவையான எழுத்துருக்களைத் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். மேக்ரோ, அதாவது கோப்புக்குள் பொதிந்த சிறு நிரல், உள்ள கோப்புகளைத் தனியே ஒதுக்குங்கள். டாக்எக்ஸில் மேக்ரோ தங்காது. கடவுச்சொல் இட்ட கோப்புகளையும் ஒதுக்குங்கள். மொத்த மாற்றத்தில் அவை நழுவிவிடும்.

அலுவலகக் கடிதங்களில் நான் அதிகம் அஞ்சுவது தேதியைத்தான். பழைய கடிதங்களில் பலர் தேதியைக் கையால் தட்டாமல் 'இன்சர்ட்' பட்டி வழியாகத் தானாக மாறும் தேதியைச் செருகியிருப்பார்கள். அத்தகைய கோப்பை இன்று திறந்தால் 1998ஆம் ஆண்டுக் கடிதம் இன்றைய தேதியோடு நிற்கும், அப்படியே பி.டி.எஃப். ஆக்கினால் அந்தப் பொய்த் தேதி ஆவணத்தில் நிலைத்துவிடும். மொத்த மாற்றத்துக்கு முன் சில கோப்புகளைத் திறந்து ஆல்ட்டும் எஃப் 9உம் சேர்த்து அழுத்துங்கள். தேதிக்குப் பதிலாக அடைப்புக்குறிக்குள் ஓர் ஆணைச் சொல் தெரிந்தால் அது மாறும் தேதி. நகல் ஒன்றில் அந்தச் சொல்லை, கோப்பு உருவான நாளைக் காட்டும் 'கிரியேட்டேட்' என்ற ஆணையாக மாற்றி, எஃப் 9 அழுத்தி, வரும் தேதி உங்கள் அனுப்புகைப் பதிவேட்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். 'சேவ் ஆஸ்' செய்வதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும்; புதிய பெயரில் சேமித்தால் உருவான நாளும் புதிதாகிவிடும். ஒத்துப்போனால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் 9 மூன்றையும் ஒருசேர அழுத்தி அதை வெறும் எழுத்தாக உறைய வைத்துவிடலாம். ஒத்துப்போகாவிட்டால், பழைய கடிதத்தையே நகலெடுத்து மேலே எழுதியிருக்கிறார்கள் என்று கொண்டு, பதிவேட்டில் உள்ள தேதியைத் தட்டிவிடுங்கள்.